எக்ஸ் = 3ம் நிலக்கோட்டை மல்லிகையும்

போன பதிவு பரோட்டா பற்றி. அதற்கு முந்தின பதிவு பொங்கல் படங்கள் பற்றி. இந்த முறை கணக்கு. உடனே மூடிவிட்டு ஓடாதீங்க மக்களே :-) பத்தாம் வகுப்போடு கணக்குக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு காமர்ஸ் பக்கம் வந்த கூட்டத்தில் நானும் ஒருத்திதான். ஆனால் பி.காம். வந்த பிறகும் கணக்கு நம்மை விடுகிற மாதிரி இல்லை. அதிலும் ஒரு குட்டிக் கணக்கு, சினிமாவில் வருகிற ஆவி மாதிரி, பாடத்துக்குப் பாடம் எட்டிப் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கேள்வி ரொம்பச் சின்னது. எக்ஸ் = 3. இதை வரைபடத் தாளில் வரையுங்கள்.

யாரிடமாவது கொடுத்துப் பாருங்கள். மூன்று விதமான பதில் வரும். சிலர் எக்ஸ் அச்சில் 3 இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு "முடிஞ்சுது" என்பார்கள். சிலர் எக்ஸ் என்ற எழுத்தைப் பார்த்ததுமே எக்ஸ் அச்சு மாதிரியே படுக்கையாக ஒரு கோடு இழுப்பார்கள். மீதிப் பேர் சரியாக, 3 வழியாகச் செங்குத்தாக ஒரு கோடு போடுவார்கள். இப்போது சரியாகப் போட்டவரைப் பிடித்து, "ஏன் இந்தக் கோடு நிக்குது?" என்று கேளுங்கள். "எக்ஸ் ஈக்வல் டு கான்ஸ்டன்ட் வந்தா ஒய் அச்சுக்கு இணை. புக்லயே அப்படித்தான் இருக்கு" என்று பதில் வரும்.

இதுதான் என் வருத்தம். புள்ளி வைத்தவருக்கு ஏன் தப்பு என்று தெரியாது. கோடு போட்டவருக்கு ஏன் சரி என்று தெரியாது. ரெண்டு பேருமே ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள், மார்க் மட்டும் வேறு. ஒரே மாறி உள்ள சமன்பாட்டை வரைவது பள்ளிக் கணக்கிலேயே மிகச் சுலபமான பகுதி என்று எல்லோரும் கடந்து போகிறோம். என்னைக் கேட்டால், காசு, விலை, வாடகை பற்றி யோசிக்க வேண்டிய எவருக்கும் அதுதான் முதல் பாடம். அதைச் சூத்திரமாக மனப்பாடம் செய்ய வைப்பதால் நாம் இழப்பது ரெண்டு மார்க் மட்டும் இல்லை.

தெரு பெயர் மட்டும் சொன்னால்

முதலில் அந்தக் கோடு ஏன் வருகிறது என்று பார்த்துவிடுவோம்.

எண்கோட்டில் எக்ஸ் = 3 என்றால் ஒரே ஒரு புள்ளிதான். அதில் சந்தேகமே இல்லை. புள்ளி வைத்தவர் அந்த உலகத்தில்தான் இன்னும் இருக்கிறார். ஆனால் ஆயத்தளத்துக்கு வந்ததும் ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு எண்கள் தேவை, ஒன்று எக்ஸ், இன்னொன்று ஒய். பிரெஞ்சுக்காரர் ரெனே டெகார்ட் 1637ல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து வளர்ந்து வந்த யோசனை இது. அதனால்தான் இன்றும் அவர் பெயரில் கார்ட்டீசியன் தளம் என்கிறோம்.

இப்போது ஒருவர் உங்களிடம் "அவர் வீடு மூணாவது தெருவுல" என்று மட்டும் சொல்கிறார். கதவு எண் சொல்லவில்லை. நீங்கள் என்ன செய்வீர்கள்? கதவு எண் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு தெரு முனையிலேயே நின்றுவிடுவீர்களா? மாட்டீர்கள். அந்தத் தெருவில் எந்த வீடாகவும் இருக்கலாம் என்றுதான் நினைப்பீர்கள். தெரு முழுக்கத்தான் விடை.

எக்ஸ் = 3 சொல்வதும் இதையேதான். ஒய் பற்றி அது வாயே திறக்கவில்லை. ஒய் -2 ஆக இருக்கட்டும், 0 ஆக இருக்கட்டும், 5 ஆக இருக்கட்டும், ஆயிரமாக இருக்கட்டும், எக்ஸ் 3 ஆக இருந்தால் போதும். (3, -2), (3, 0), (3, 5) என்று வைத்துக்கொண்டே போனால் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி நிற்கும். அதுதான் அந்தச் செங்குத்துக் கோடு. சமன்பாட்டை முழுசாக எழுதினால் எக்ஸ் + 0 × ஒய் = 3. ஒய்யை எதுவாக வைத்தாலும் பூஜ்யத்தோடு பெருக்கியதும் காணாமல் போய்விடும்.

ஆக, சமன்பாட்டில் வராத மாறிக்குப் பூஜ்யம் என்று அர்த்தம் கிடையாது. "எதுவானாலும் சரி" என்று அர்த்தம். இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் ஒய் = 2 ஏன் படுத்திருக்கிறது என்பதும் தானாக விளங்கிவிடும். அங்கே சொல்லாமல் விட்டது எக்ஸ்.

சாய்வு விஷயத்திலும் இதே குழப்பம் உண்டு. ரெண்டு கோட்டுக்கும் சாய்வு பூஜ்யம் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். படுத்த கோட்டுக்குத்தான் சாய்வு 0. சமதள ரோடு மாதிரி, எவ்வளவு தூரம் போனாலும் உயரம் ஏறாது. கொடைக்கானல் மலை ரோட்டுக்குச் சாய்வு உண்டு, ஏறுவது கஷ்டம், ஆனால் பஸ் ஏறிவிடும். செங்குத்துக் கோடு ஒரு சுவர். பக்கவாட்டில் ஒரு அடிகூட நகராமல் மேலே போக வேண்டும். உயர வித்தியாசத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் என்ன விடை சொல்வது? அதனால்தான் அதற்குச் சாய்வு வரையறுக்கப்படவில்லை.

இதற்கு ரொம்பப் பெரிய உதாரணம் நம் கையில் கட்டியிருக்கும் கடிகாரம். இந்திய நேரம் கிழக்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 1906 ஜனவரி 1 முதல் இந்த நேரம். அதற்கு முன் ரயில்கள் ஓடியது மெட்ராஸ் நேரத்தில். சுவரில் மாட்டும் இந்திய மேப்பில் அட்சரேகையை ஒய் என்றும் தீர்க்கரேகையை எக்ஸ் என்றும் வைத்தால், நம் நாட்டின் நேரமே எக்ஸ் = 82.5 என்ற சமன்பாடுதான். வடக்கே மிர்சாபூர் பக்கம், தெற்கே காக்கிநாடா பக்கம் என்று நேராக இறங்குகிறது. அட்சரேகை எதுவானாலும் கவலையில்லை. செம்பட்டி இருப்பது ஏறத்தாழ 78 டிகிரியில். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். அந்தக் கோட்டில் சூரியன் உச்சிக்கு வந்து சுமார் 18 நிமிடம் கழித்துத்தான் நம் ஊரில் உச்சி வெயில். (லேட்டாக எழுந்திருக்க இதைக் காரணமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மாவிடம் எடுபடவில்லை.)

டீக்கடையில் படுத்திருக்கும் கோடு

சரி, காமர்ஸுக்கு வருவோம். காஸ்ட் அக்கவுன்டிங்கில் பிரேக் ஈவன் சார்ட் போடாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. அதில் முதலில் போடும் கோடே மாறாச் செலவுக் கோடு. "எக்ஸ் அச்சுக்கு இணையாகப் போடு" என்கிறார்கள், போடுகிறோம். ஏன் என்று கேட்பதில்லை.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். செம்பட்டி நாலு பக்கமும் ரோடு பிரியும் ஊர். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று எந்தப் பக்கம் போகிறவரும் இங்கே இறங்கி ஒரு டீ குடிப்பார். ஒரு டீக்கடைக்கு மாத வாடகை 6,000 ரூபாய் என்று சும்மா உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். எக்ஸ் என்பது விற்ற டீ, ஒய் என்பது ரூபாய். வாடகைக் கோடு ஒய் = 6000. ஒரு டீ விற்றாலும் அதே 6,000. ஆயிரம் டீ விற்றாலும் அதே 6,000. மழை பெய்து கடையே திறக்கவில்லை என்றாலும் 6,000. சமன்பாட்டில் எக்ஸ் இல்லை என்பதன் பொருள், கட்டடக்காரருக்கு உங்கள் வியாபாரம் பற்றிக் கவலை இல்லை என்பது!

ஒரு டீ 15 ரூபாய்க்கு விற்று, பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் சேர்த்து 9 ரூபாய் ஆனால் கையில் நிற்பது 6 ரூபாய். 6,000ஐ 6ஆல் வகுத்தால் 1,000. ஆயிரமாவது டீ வரை கடைக்காரர் வாடகைக்காக உழைக்கிறார், அதற்குப் பிறகுதான் வீட்டுக்காக. இதே படத்தில் ஒரு செங்குத்துக் கோடும் உண்டு. ஒரே ஆள், ஒரே அடுப்பு, நாளைக்கு 120 டீதான் போட முடியும் என்றால் மாதத்துக்கு 3,600. அதாவது எக்ஸ் = 3600. விலை என்னவாக இருந்தாலும் அந்தச் சுவரைத் தாண்ட முடியாது. தாண்ட வேண்டும் என்றால் இன்னொரு ஆள், இன்னொரு அடுப்பு, பெரிய கடை. அப்போது படுத்திருந்த வாடகைக் கோடும் ஒரு படி மேலே ஏறிவிடும். மாறாச் செலவு என்று பெயர் இருந்தாலும் அது ஒரு எல்லை வரைதான் மாறாது.

அடுத்து டவுன் பஸ். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. தூரத்தை எக்ஸ் என்றும் கட்டணத்தை ஒய் என்றும் வைத்தால், அதற்கு முன் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் ஏறும் படிக்கட்டு மாதிரி ஒரு வரைபடம். அதற்குப் பின் பெண்களுக்கு ஒய் = 0. அந்தக் கோடு எக்ஸ் அச்சேதான்! ஒரு அரசாணை ஒரு வரைபடத்தைத் தட்டிப் படுக்க வைத்துவிட்டது. "பக்கத்து ஊர்ல சம்பளம் கூட, ஆனா பஸ்ஸுக்கே பாதி போயிடும்" என்று கணக்குப் போட்டவர்களுக்கு எக்ஸ் திடீரென்று சுதந்திரம் ஆனது. ஆனாலும் நாம் காமர்ஸ் பிள்ளைகள், இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். கண்டக்டர் அந்தப் பயணத்துக்கும் ஒரு கட்டணமில்லாச் சீட்டு கிழித்துக் கொடுக்கிறார். போக்குவரத்துக் கழகத்துக்கு அந்தத் தொகையை அரசு ஈடுகட்ட வேண்டும். பயணிக்குப் படுத்த கோடு, கஜானாவுக்கு ஏறும் கோடு. ஒரே பயணத்துக்கு ரெண்டு வரைபடம்.

குத்தகையும் வாரமும்

இதைப் படிக்காதவர்கள்கூட அறிந்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு நம் ஊர்ப் பக்கத்துத் தோப்புகளே சாட்சி. ஆத்தூர் பக்கம் தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்கள். வருஷத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்தால் முடிந்தது. காய் எத்தனை விழுந்தாலும் தோப்புக்காரருக்கு அதே தொகை. விளைச்சல் எக்ஸ், கொடுக்க வேண்டியது ஒய் என்றால் குத்தகை ஒரு படுத்த கோடு. வாரம் அப்படி இல்லை. விளைந்ததில் பங்கு. விளைச்சல் பூஜ்யம் என்றால் பங்கும் பூஜ்யம், கூடினால் கூடும். ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்பும் சாய்ந்த கோடு.

ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் வடிவம் இல்லை. குத்தகையில் மழை பொய்த்தாலும் பூச்சி அடித்தாலும் நஷ்டம் முழுக்க எடுத்தவர் தலையில். மகசூல் கொழித்தால் லாபமும் அவருக்கே. வாரத்தில் நல்லது கெட்டது ரெண்டும் பங்கு. ஒப்பந்தம் பேசும்போது எந்தச் சமன்பாட்டில் எக்ஸ் இருக்கிறது, எதில் இல்லை என்று பார்த்தாலே யார் தலையில் ஆபத்து என்று சொல்லிவிடலாம். எழுதாமல் விட்ட எழுத்தின் பாரத்தை யாரோ ஒருவர் சுமக்கிறார்.

மல்லிகைக்காரரின் செங்குத்துக் கோடு

இப்போது நிலக்கோட்டைக்குப் போவோம். அங்குள்ள பூ மார்க்கெட்டைப் பற்றித் தெரியாதவர்கள் நம் பக்கம் கிடையாது. மல்லிகையை மொட்டாகவே விடியும் முன் பறிக்க வேண்டும். சாயங்காலம் விரிந்துவிடும். நாளைக்கு விற்கலாம் என்று வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. பறித்த அன்றைக்கே போயாக வேண்டும்.

பொருளாதார வரைபடத்தில் அளவு எக்ஸ் அச்சில், விலை ஒய் அச்சில். இது ஆல்ஃபிரட் மார்ஷல் காலத்துப் பழக்கம். 1890ல் வந்த தன் புத்தகத்தில் அவர் சந்தையைக் கால அளவு வைத்துப் பிரித்தார். அந்த ஒரு நாளுக்குள் வந்த சரக்கைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்ற நிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் மீன். நம் ஊரில் பிறந்திருந்தால் கண்டிப்பாக மல்லிகையைத்தான் எடுத்திருப்பார் :-)

ஒரு விவசாயி காலையில் 10 கிலோ பூவோடு மார்க்கெட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். அவருடைய அளிப்புக் கோடு எக்ஸ் = 10. செங்குத்துக் கோடு. ஒய், அதாவது விலை, சமன்பாட்டிலேயே இல்லை. எதுவானாலும் சரி! கிலோ 200 என்றால் கையில் 2,000. முகூர்த்த நாளில் கிலோ 2,000 என்றால் 20,000. அதே தோட்டம், அதே உழைப்பு, அதே 10 கிலோ. மார்கழிப் பனியில் மொட்டு குறையும்போது அந்தக் கோடு இடப்பக்கம் நகரும். பொங்கலுக்கும் தை முகூர்த்தத்துக்கும் கேட்பவர் கூட்டம் கூடும். ரெண்டும் சேர்ந்தால் விலை விண்ணைத் தொடும், பேப்பரில் "மல்லிகை விலை கிடுகிடு" என்று செய்தி வரும். முகூர்த்தம் இல்லாத நாளில் வரத்து கூடினால் அதே கோட்டில் சரசரவென்று கீழே. மிச்சப் பூ சென்ட் பேக்டரிக்குக் கிடைத்த விலைக்குப் போகும். பறிகூலிக்கே கட்டாது என்றால் செடியிலேயே விட்டுவிடுவதும் உண்டு. பறிக்கும் முன்தான் அவருக்கு அந்த முடிவு கையில் இருக்கிறது. பறித்துவிட்டால் கோட்டின் மேல் ஏறியாகிவிட்டது, இறங்க முடியாது.

சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று புத்தகத்தில் ஒரு மார்க்குக்குப் படித்தோமே, அந்தச் சுவரில்தான் ஒவ்வொரு விடியற்காலையும் அவர் நிற்கிறார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி விலை விழுந்து போனால் விவசாயி கொட்டிவிட்டுப் போகும் கதையும் இதே கோடுதான்.

இதற்கு மருந்து? செங்குத்துக் கோட்டுக்குக் குறுக்கே ஒரு படுத்த கோடு போட வேண்டும். அதுதான் குறைந்தபட்ச ஆதரவு விலை. "இந்த விலைக்குக் கீழே போகாது" என்று ஒய்க்கு ஒரு தரை. மத்திய அரசு 22 விளைபொருள்களுக்கு அறிவிக்கும் பட்டியலில் நம் பக்கத்துக் கொப்பரை உண்டு. மல்லிகை இல்லை, தக்காளியும் இல்லை. அழுகும் பொருளுக்குத் தரைவிலை வைத்தால் வாங்கியதை எங்கே வைப்பது என்ற கேள்வி நியாயமானதே. அப்படியானால் இன்னொரு வழி, அந்தச் செங்குத்துக் கோட்டைக் கொஞ்சமாவது சாய்ப்பது. தக்காளிக்குக் குளிர்பதனக் கிடங்கு, பூவுக்கு நல்ல விலை தரும் வாசனைத் தொழிற்சாலை. விலை பிடிக்கவில்லை என்றால் சரக்கை நிறுத்தி வைக்கவோ வேறு பக்கம் திருப்பவோ முடிந்தால் கோடு சாயும். கோடு சாய்ந்தால் விலை இவ்வளவு ஆடாது. "விவசாயிக்குக் கிடங்கு கட்டிக் கொடுங்கள்" என்ற கோரிக்கையைக் கணக்கில் எழுதினால், "எங்கள் கோட்டுக்கு ஒரு சாய்வு கொடுங்கள்" என்பதுதான்.

பாடத்தை வெட்டினார்கள்

இவ்வளவும் ஒளிந்திருக்கும் பாடத்தை நாம் எப்படி நடத்துகிறோம்? 2022ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று என்.சி.இ.ஆர்.டி. தன் புத்தகங்களைக் கத்தரித்தபோது, அப்போதைய ஒன்பதாம் வகுப்புக் கணக்கில் போன பகுதிகளில் ஒன்று, அச்சுகளுக்கு இணையான கோடுகளின் சமன்பாடு. இருமாறிச் சமன்பாட்டுக்கு வரைபடம் போடும் பகுதியும் கூடவே போனது. நம் மாநிலப் பாடத்தில் பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் அந்தக் கோடுகள் உண்டு. பொதுத் தேர்வில் வரைபடத்துக்கு 8 மார்க் கேள்வியும் உண்டு. ஆனால் அந்த 8 மார்க்குக்குப் பழகுவது அளவுத்திட்டம் எழுதுவது, அட்டவணை போடுவது, பென்சில் கூர்மையாக வைத்துக்கொள்வது. கோடு என்ன சொல்கிறது என்று எழுத அதில் இடமே இல்லை.

"சுலபமான பாடம்தானே, அரை பீரியடில் புரிந்துவிடும், எடுத்தால் என்ன?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அரை பீரியடில் புரியும் என்றால் அந்த அரை பீரியடைக் கொடுத்துவிட வேண்டியதுதானே! கணக்குக்குக் கும்பிடு போடப் போகும் பிள்ளைக்குத்தான் அது அதிகம் தேவை. அவள்தான் நாளைக்குக் கடை வைப்பாள், வாடகை பேசுவாள், பூ கொண்டு போய் விற்பாள். இன்ஜினியரிங் போகிறவன் இதை எப்படியும் பத்து தடவை பார்த்துவிடுவான்.

என் யோசனை ஒன்றும் பெரியதில்லை. "எக்ஸ் = சி என்றால் ஒய் அச்சுக்கு இணை" என்ற வரியைப் போர்டில் எழுதும் முன், பிள்ளைகளிடம் ஒரு கேள்வி: "இதில் எதைப் பற்றிச் சொல்லவில்லை?" அப்புறம் ஐந்து புள்ளிகளை அவர்களையே வைக்கச் சொல்லலாம். கோடு தானாக எழுந்து நிற்கும். கடைசியாக, வீட்டுப்பாடமாக, தங்கள் வீட்டில் ஒரு படுத்த கோடும் ஒரு செங்குத்துக் கோடும் கண்டுபிடித்து வரச் சொல்லலாம். வாடகை, கேபிள் பில், மாதச் சம்பளம், தோட்டத்துப் பூ என்று வகுப்பே களைகட்டும்.

உங்கள் வீட்டுக் கோடுகள் எவை என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள். அடுத்த பதிவில் சின்னாளபட்டி சுங்குடி.

டிஸ்கி: டீக்கடை, பூ கணக்கில் உள்ள ரூபாய்கள் எல்லாம் உதாரணத்துக்கு மட்டுமே. இதை நம்பிக் கடை போட்டால் நான் பொறுப்பில்லை :-)